கடைக் கம்ப்யூட்டரும் கணக்குப் பாதுகாப்பும்: மளிகை வியாபாரிகளுக்குச் சில பாடங்கள்

மளிகை வியாபாரத்தில் சரக்கு எப்படி முதலோ, கணக்கும் அப்படியே முதல். பத்து மூட்டை பருப்பு நனைந்து போனால் நஷ்டம் இவ்வளவு என்று அன்று மாலையே சொல்லிவிடலாம். கணக்கு போய்விட்டால் எவ்வளவு நஷ்டம் என்று சொல்லக்கூட வழியிருக்காது. யார் எவ்வளவு தரவேண்டும், நாம் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்பதே தெரியாத நிலையில் கடையை நடத்த முடியாது.

2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு, அதுவரை கையால் பில் எழுதி வந்த பலரும் கம்ப்யூட்டருக்கு மாறினார்கள். இன்று முத்தாபுதுப்பேட்டை, ஆவடி, பட்டாபிராம், திருமுல்லைவாயில் எங்கு பார்த்தாலும் நடுத்தரமான மளிகைக் கடையில் ஒரு கம்ப்யூட்டரும், ஒரு பில் பிரிண்டரும், பார்கோடு படிக்கும் கருவியும் இருக்கின்றன. விற்றவர்கள் பில் போடக் கற்றுக் கொடுத்தார்கள். அது நின்று போனால் நாமே என்ன பார்க்கலாம், கணக்கை எப்படிக் காக்கலாம் என்பதைப் பெரும்பாலோர் கற்றுக் கொடுக்கவில்லை. அந்தக் குறையை ஓரளவு தீர்க்கவே இக்கட்டுரை. இதில் சொல்வன யாவும் கடையில் உட்கார்ந்தபடியே, பெரிய செலவில்லாமல் செய்யக் கூடியவை.

பழைய முறையில் இருந்த காப்பு

முன்பெல்லாம் கல்லாவில் சிட்டை இருக்கும். பகலில் நடந்த கொடுக்கல் வாங்கலைச் சிட்டையில் குறிப்போம். இரவில் கணக்குப்பிள்ளை அதை நாள்வழியில் எழுதி, பிறகு ஆள்வாரியாகப் பேரேட்டில் ஏற்றுவார். ஒரே விவரம் மூன்று இடங்களில், மூன்று புத்தகங்களில் பதிவாகும். பேரேட்டைக் கரையான் அரித்தாலும் நாள்வழியை வைத்துப் புதிய பேரேடு எழுதிவிடலாம். வேலை அதிகம் என்று நாம் அலுத்துக் கொண்ட அந்த முறையில், கணக்குக்கு ஒரு காப்பும் தானாகவே அமைந்திருந்தது.

கம்ப்யூட்டரில் நாம் பதிவது ஒரே முறைதான். நாள்வழி, பேரேடு, சரக்கிருப்பு, ஐந்தொகை எல்லாவற்றையும் அந்த ஒரே பதிவிலிருந்து கேட்ட நேரத்தில் தொகுத்துக் காட்டுகிறது. திரையில் பத்துப் புத்தகங்கள் தெரிந்தாலும், உள்ளே டிஸ்க்கில் இருப்பது ஒரே புத்தகம். அது போனால் பத்தும் போகும். கம்ப்யூட்டர் வைத்திருக்கும் வியாபாரி முதலில் மனத்தில் பதிக்க வேண்டியது இதுவே.

நம்மில் பலர் பயன்படுத்தும் டேலி மென்பொருளே ஒரு வியாபாரியின் தேவையிலிருந்து பிறந்தது. ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திர உதிரி பாகங்களும் விற்று வந்த சியாம் சுந்தர் கோயங்கா, தம் கணக்குக்கு ஏற்ற மென்பொருள் கிடைக்காமல், தம் மகன் பாரத் கோயங்காவிடம் ஒன்றை எழுதச் சொன்னார். 1986-ல் பெங்களூரில் தொடங்கிய அந்த நிறுவனத்துக்கு அப்போது பியூட்ரானிக்ஸ் என்று பெயர். பாரத் கோயங்காவுக்கு 2020-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. வியாபாரிக்காக எழுதப்பட்ட மென்பொருள் கணக்கைச் சரியாகப் போடும். ஆனால் அந்தக் கணக்கைப் பத்திரமாக வைக்கும் பொறுப்பு நம்முடையது.

“ஜி.எஸ்.டி. போர்ட்டலில்தான் எல்லாம் இருக்கிறதே, அதிலிருந்து எடுத்துக் கொள்ளலாமே” என்று சிலர் நினைக்கிறார்கள். நாம் தாக்கல் செய்த தொகைகள் அங்கே இருக்கும். நமக்குச் சரக்கு விற்றவர்கள் காட்டிய பில்களும் இருக்கும். ஆனால் சில்லறை விற்பனை அங்கே மொத்தத் தொகையாகத்தான் நிற்கும். எதிர்த் தெரு அம்மா மாதக் கணக்கில் வைத்திருக்கும் பாக்கி எவ்வளவு என்பது எந்தப் போர்ட்டலிலும் கிடையாது. நம் பகுதியில் விமானப்படை நிலையம் இருப்பதால், மாற்றலாகி வருவோரும் போவோரும் அதிகம். அப்படிப்பட்ட குடும்பம் ஊரை விட்டுப் போகும்போது மரியாதையாகக் கணக்கு முடிக்கக் கேட்டு வந்தால், சரியான தொகையைச் சொல்லத் தெரியாத கடைக்காரர் பணத்தை மட்டுமல்ல, பெயரையும் இழப்பார். கூட்டிச் சொன்னால் அவர்களுக்கு நஷ்டம். குறைத்துச் சொன்னால் நமக்கு நஷ்டம்.

இதோடு சட்டமும் இருக்கிறது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆம் பிரிவின்படி, அந்தந்த ஆண்டுக் கணக்கு அறிக்கைக்கு உரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வரை கணக்குகளையும் ஆவணங்களையும் வைத்திருக்க வேண்டும். ஆறு ஆண்டுகள் ஒரே கம்ப்யூட்டர் பழுதில்லாமல் ஓடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

முதல் பாடம்: மூன்று நகல்

கம்ப்யூட்டர் துறையில் 3-2-1 என்று ஒரு கணக்கு உண்டு. இதைப் பரப்பியவர் பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர். தாம் எடுத்த படங்கள் அழிந்துவிடாமல் இருக்க அவர் கைக்கொண்ட முறை அது. விவரம் மூன்று பிரதிகளாக இருக்க வேண்டும். அவை இரண்டு விதமான சாதனங்களில் இருக்க வேண்டும். ஒரு பிரதி வேறு இடத்தில் இருக்க வேண்டும்.

இதை நம் கடைக்கு இப்படிப் பொருத்திக் கொள்ளலாம். முதல் பிரதி, கம்ப்யூட்டரில் உள்ள கணக்கு. இரண்டாவது, பென் டிரைவில் எடுக்கும் நகல். மூன்றாவது, வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ வைக்கும் நகல். பென் டிரைவ் இரண்டு வாங்கி, ஒன்றில் “ஒற்றை”, மற்றதில் “இரட்டை” என்று ஒட்டி வையுங்கள். ஒற்றைப்படைத் தேதியில் ஒன்று, இரட்டைப்படைத் தேதியில் மற்றது. அன்றைய நகலை எடுத்ததும் பென் டிரைவைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு போய்விட வேண்டும். கம்ப்யூட்டரிலேயே செருகி வைத்திருந்தால், திருட்டோ வெள்ளமோ வைரஸோ வரும்போது இரண்டும் சேர்ந்தே போகும்.

டேலி பிரைமில் ஆல்ட் விசையுடன் ஒய் விசையை அழுத்தினால் டேட்டா என்ற பட்டியல் வரும். அதில் பேக்கப் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய டேலி இ.ஆர்.பி. 9 வைத்திருப்போர் ஆல்ட் விசையுடன் எஃப்3 அழுத்தினால் பேக்கப் வரும். நகல் எந்த இடத்தில் எழுதப்படுகிறது என்று அங்கே காட்டும். அதே டிஸ்க்கின் பெயர் இருந்தால் பென் டிரைவின் எழுத்துக்கு மாற்றிக் கொள்ளுங்கள். வேறு பில்லிங் மென்பொருள் வைத்திருப்போர், அதிலும் பேக்கப் என்ற வசதி எங்கே இருக்கிறது என்று விற்றவரிடம் கேட்டு எழுதி வைத்துக் கொள்ள வேண்டும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். திரையின் முகப்பில் இருக்கும் டேலி படத்தைப் பென் டிரைவுக்கு இழுத்துப் போட்டுவிட்டு, நகல் எடுத்தாகிவிட்டது என்று நினைப்போர் உண்டு. அந்தப் படம் வெறும் வழிகாட்டிப் பலகை. கணக்கு அதில் இல்லை. அடுத்தது, எடுத்த நகல் திறக்கிறதா என்று பார்க்காமல் இருப்பது. மாதம் ஒரு முறை வேறொரு கம்ப்யூட்டரிலோ தனி ஃபோல்டரிலோ ரீஸ்டோர் செய்து, நேற்றைய கடைசி பில் வருகிறதா, இரண்டு மூன்று வாடிக்கையாளர்களின் பாக்கி பொருந்துகிறதா என்று சரிபாருங்கள். நடப்புக் கணக்கு இருக்கும் அதே இடத்தில் மட்டும் ரீஸ்டோர் செய்யக் கூடாது. பழைய நகல் இன்றைய கணக்கின் மேல் எழுதப்பட்டுவிடும்.

இரண்டாம் பாடம்: மின்சாரம், தண்ணீர், தூசு

கணக்கு கெடுவதற்கு மிகச் சாதாரணமான காரணம் மின்வெட்டு. பில்லைப் பதியும்போது கம்ப்யூட்டர் டிஸ்க்கில் எழுதிக் கொண்டிருக்கிறது. பாதி எழுதிய நிலையில் மின்சாரம் போனால் அந்தப் பதிவு சிதைந்துவிடலாம். இதற்காகவே யு.பி.எஸ். அதை வைத்து இரண்டு மணி நேரம் வியாபாரம் நடத்தலாம் என்று எண்ணக் கூடாது. கையிலுள்ள பில்லை முடித்து, மென்பொருளை மூடி, கம்ப்யூட்டரை முறைப்படி நிறுத்துவதற்கான சில நிமிடங்களைத் தருவதே அதன் வேலை. அதன் பேட்டரி இரண்டு மூன்று ஆண்டுகளில் தளர்ந்துவிடும். மாதம் ஒரு முறை, கடை மூடும் நேரத்தில் மென்பொருளையெல்லாம் மூடிவிட்டு, பிளக் சுவிட்சை அணைத்து எத்தனை நிமிடம் நிற்கிறது என்று பாருங்கள். லேசர் பிரிண்டரை யு.பி.எஸ்.ஸில் இணைக்கக் கூடாது. அது சூடாகும்போது இழுக்கும் மின்சாரத்தைச் சிறிய யு.பி.எஸ். தாங்காது. ஐஸ்கிரீம் பெட்டி, ஃபிரிட்ஜ் இருக்கும் பிளக்கிலும் கம்ப்யூட்டரைச் சேர்க்க வேண்டாம்.

மழையைப் பற்றி நம் பகுதியினருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2015 டிசம்பர் தொடக்கத்தில் வந்த பெருவெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் தண்ணீர் புகுந்ததை அறிவோம். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்தபோது மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து, புறநகரில் பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. மூன்றும் டிசம்பரில் வந்தவை. ஆகவே ஐப்பசி பிறக்கும் முன்பே இந்த ஏற்பாடுகளை முடித்துவிடுவது நல்லது. அரிசி மூட்டைக்கு அடியில் பலகை போடுகிறோம். ஆனால் கணக்கு இருக்கும் சி.பி.யு. பெட்டியைத் தரையில் வைக்கிறோம். அதை மேசை மட்டத்துக்கு மேல் ஏற்றுங்கள். தண்ணீரில் நனைந்துவிட்டால் உலர்ந்துவிட்டது என்று நினைத்துச் சுவிட்சைப் போட வேண்டாம். மின் இணைப்பை எடுத்துவிட்டு, உள்ளிருக்கும் டிஸ்க்கை மட்டும் தெரிந்தவரிடம் கொடுத்தால் பல சமயம் கணக்கை மீட்க முடியும். ஈரத்தோடு மின்சாரம் பாய்ந்தால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

மளிகைக் கடைக்கென்றே உள்ள எதிரி தூசு. மிளகாய்த் தூளும் மாவும் காற்றாடி வழியே உள்ளே போய்ப் படிந்து, சூடு வெளியேறாமல் செய்துவிடும். “நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று நின்றுவிடுகிறது” என்ற புகாருக்குப் பாதிக் காரணம் இதுதான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, மின் இணைப்பை எடுத்த பிறகு, காற்றூதியால் தூசைப் போக்குங்கள். எலி கடித்த வயர் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

மூன்றாம் பாடம்: கோளாறு வந்தால் பார்க்கும் முறை

கம்ப்யூட்டர் மக்கர் செய்தவுடன் கண்ட விசையையும் அழுத்துவது பெரிய கெடுதல். முதலில் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைக் கைப்பேசியில் படம் எடுத்துக் கொள்ளுங்கள். பழுது பார்ப்பவரிடம் “ஏதோ எர்ரர் வருது” என்று சொல்வதைவிட அந்தப் படம் பத்து மடங்கு உதவும். அடுத்து, நேற்று நன்றாக ஓடியது இன்று ஏன் ஓடவில்லை, இடையில் என்ன மாற்றினோம் என்று யோசியுங்கள். வயரைக் கழற்றி மாட்டினோமா, புதிதாக எதையாவது ஏற்றினோமா, பையன் ஏதாவது செய்தானா? பெரும்பாலும் விடை அங்கேதான் இருக்கும்.

பிறகு கம்ப்யூட்டரை நிறுத்தித் துவக்குங்கள். இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் ஷட் டவுன் கொடுத்தால், மறுமுறை விரைவில் துவங்குவதற்காகத் தன் நிலையில் ஒரு பகுதியை டிஸ்க்கில் எழுதி வைத்துக் கொள்கிறது. அதனால் பழைய கோளாறும் கூடவே திரும்பி வரலாம். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் துவங்கும். “அணைத்துப் போட்டும் சரியாகவில்லை” என்பவர்கள் ஒரு முறை ரீஸ்டார்ட் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றிப் பார்க்க வேண்டும் என்பது மற்றொரு விதி. வயர், பிரிண்டர், மென்பொருள் மூன்றையும் ஒரே சமயத்தில் மாற்றினால், எதனால் சரியானது என்று தெரியாமல் போகும். அடுத்த முறையும் அதே தடுமாற்றம்தான்.

நான்காம் பாடம்: கல்லாவில் அடிக்கடி வரும் கோளாறுகள்

பார்கோடு படிக்கவில்லை: பெரும்பாலான பார்கோடு கருவிகள் ஒரு விசைப்பலகையைப் போலவே வேலை செய்கின்றன. கோடுகளைப் படித்து, அந்த எண்ணைத் தட்டச்சு செய்தது போல அனுப்புகின்றன. ஆகவே விண்டோஸில் உள்ள நோட்பேடைத் திறந்து, சோப்பு ஒன்றை எடுத்துக் கருவியில் காட்டுங்கள். எண் வந்தால் கருவி நன்றாக இருக்கிறது; பில்லிங் மென்பொருளில் அந்தச் சரக்கு பதிவாகவில்லை என்று பொருள். எண் வரவில்லை என்றால் வயரையும் கருவியையும் பார்க்க வேண்டும். ஒரு நிமிடச் சோதனையில் யாரைக் கூப்பிடுவது என்று தெரிந்துவிடும்.

பில் வெள்ளையாக வருகிறது: பில் பிரிண்டரில் மை கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் பூச்சு தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கிறது. ரோலைத் தலைகீழாக மாட்டினால் தாள் ஓடும், எழுத்து வராது. நகத்தால் அழுத்திக் கீறிப் பாருங்கள். கறுப்புக் கோடு விழும் பக்கம் அச்சுத் தலையை நோக்கி இருக்க வேண்டும். இந்த வகைத் தாளில் வரும் கொள்முதல் பில்கள் வெயிலிலும் சூட்டிலும் சில மாதங்களிலேயே வெளுத்துவிடும். ஆறு ஆண்டு வைத்திருக்க வேண்டிய பில் ஆறு மாதத்தில் வெள்ளைத் தாளாகிவிட்டால் வரி அதிகாரியிடம் எதைக் காட்டுவது? வந்த அன்றே படம் எடுத்தோ ஜெராக்ஸ் எடுத்தோ வைத்துக் கொள்ள வேண்டும்.

பில் வேறு பிரிண்டருக்குப் போகிறது: இரண்டு பிரிண்டர் உள்ள கடைகளில், கடைசியாகப் பயன்படுத்திய பிரிண்டரையே முதன்மையாக வைத்துக் கொள்ளும் பழக்கம் விண்டோஸுக்கு உண்டு. செட்டிங்ஸில் பிரிண்டர் பகுதியில், முதன்மை பிரிண்டரை விண்டோஸே தீர்மானிக்கட்டும் என்ற வசதியை அணைத்துவிட்டு, பில் பிரிண்டரை நாமே முதன்மையாக வைத்துவிடலாம். பிரிண்டர் வயரை ஒவ்வொரு முறையும் ஒரே துளையில் செருகுவதும் நல்லது. இடம் மாற்றினால் சில சமயம் புதுப் பிரிண்டர் என்று நினைத்துக் கொள்ளும்.

பில்கள் சிக்கி நிற்கின்றன: ஒரு பில் அச்சாகாமல் நின்றால் பின்னால் வருவன எல்லாம் வரிசையில் நிற்கும். பத்து முறை பிரிண்ட் கொடுத்தால் சரியானதும் பத்துப் பிரதி வந்து விழும். பிரிண்டரை அணைத்து, வரிசையில் உள்ளவற்றை ரத்து செய்து, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, பிறகு பிரிண்டரைப் போடுங்கள்.

தேதி தவறாக வருகிறது: காலையில் போட்டதும் பல ஆண்டுக்கு முந்தைய தேதி காட்டினால், உள்ளே இருக்கும் நாணயம் போன்ற சிறு பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அறியலாம். பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் அது சி.ஆர்.2032 என்ற வகை, விலை சொற்பம். இதைக் கவனியாமல் விட்டால் தவறான தேதியில் பில் போகும். வரிக் கணக்கில் வேறு மாதத்தில் போய் உட்காரும். வங்கி இணையதளங்களும் திறக்க மறுக்கும்.

மிகவும் மெதுவாக ஓடுகிறது: கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். எந்த மென்பொருள் எவ்வளவு வேலையை இழுக்கிறது என்று அதில் தெரியும். டிஸ்க் நிரம்பியிருந்தால் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போய் வேண்டாதவற்றை நீக்கலாம். பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் உள்ள கம்ப்யூட்டரானால், அதற்குப் பதில் எஸ்.எஸ்.டி. மாற்றினாலே வேகம் நன்றாகக் கூடும்; புதுக் கம்ப்யூட்டர் வாங்கும் செலவு தள்ளிப் போகும்.

தவறி அழித்துவிட்டோம்: முதலில் ரீசைக்கிள் பின் என்ற குப்பைக் கூடையைப் பாருங்கள். பென் டிரைவில் அழித்தது அங்கே வராது. அங்கே இல்லையென்றால் அந்த டிஸ்க்கில் மேற்கொண்டு எதையும் எழுதாமல் உடனே நிறுத்துங்கள். அழித்த விவரம் உடனே மறைவதில்லை. அதன் மேல் புதியது எழுதப்படும் வரை இருக்கும். ரெகூவா போன்ற இலவச மென்பொருளால் மீட்கலாம். எஸ்.எஸ்.டி. வகை டிஸ்க்கில் இந்த வாய்ப்பு மிகக் குறைவு. அங்கே நகலே துணை.

ஐந்தாம் பாடம்: செலவில்லாத கருவிகள்

திருட்டு மென்பொருளை ஏற்றி வைரஸை விலைக்கு வாங்க வேண்டிய தேவை இன்று இல்லை. விலைப்பட்டியல், சம்பளக் கணக்கு, கடிதம் ஆகியவற்றுக்கு லிப்ரே ஆஃபீஸ் என்ற இலவச மென்பொருள் போதும். பல கோப்புகளைச் சேர்த்துக் கட்டி, கடவுச்சொல் போட்டுப் பூட்ட 7-ஜிப் உதவும். இதில் கட்டிய நகலைக் கூகுள் டிரைவில் போட்டு வைக்கலாம்; அங்கே 15 ஜி.பி. வரை கட்டணமில்லை, சிறு கடைக் கணக்குக்கு அது தாராளம். வைரஸ் காப்புக்கு விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபெண்டர் உள்ளேயே இருக்கிறது. அணைக்காமல் வைத்திருந்தால் போதும். திரையில் ஒரு பகுதியைப் படமெடுக்க விண்டோஸ் விசை, ஷிஃப்ட், எஸ் மூன்றையும் அழுத்தலாம்.

தமிழில் விலைப்பட்டியல் அடிப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய எழுத்துருக்களில் அடித்த பட்டியலை வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கிலக் குறிகளாகக் கொட்டும். அந்த எழுத்துரு அங்கே இல்லாததே காரணம். யூனிகோடு முறையில் அடித்தால் எந்தக் கம்ப்யூட்டரிலும் கைப்பேசியிலும் தமிழாகவே தெரியும். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி வந்த தமிழ் 99 விசைப்பலகை முறை கற்க எளியது. பழைய பட்டியலை யூனிகோடுக்கு மாற்றித் தரும் இலவச மென்பொருள்களும் உண்டு. ஒரு முறை மாற்றிவிட்டால் “துவரம் பருப்பு” எங்கும் துவரம் பருப்பாகவே இருக்கும்.

ஆறாம் பாடம்: வைரஸும் வஞ்சகரும்

2017 மே 12-ல் வான்னகிரை என்ற வைரஸ் சுமார் 150 நாடுகளில் பரவியது. கம்ப்யூட்டரில் இருந்தவற்றையெல்லாம் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் தவித்தன. இந்தியாவில் ஆந்திரக் காவல்துறையின் சில கம்ப்யூட்டர்களும் சிக்கின. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. அப்டேட் செய்யாமல் விட்டவர்களே பெரும்பாலும் அகப்பட்டார்கள். இதில் நமக்குப் பாடம் இரண்டு. அப்டேட் கேட்டால் கடை மூடிய பிறகாவது செய்துவிட வேண்டும். செருகியே வைத்திருக்கும் பென் டிரைவையும் இத்தகைய வைரஸ் பூட்டிவிடும் என்பதால், கழற்றி வைத்த நகல்தான் நகல்.

விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-உடனும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடனும் வழக்கமான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் முடிந்துவிட்டன. கம்ப்யூட்டர் ஓடும், ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடா. வங்கி வேலை செய்யும் கம்ப்யூட்டரை விண்டோஸ் 11-க்கு மாற்றுவது நல்லது.

தூரத்திலிருந்தபடி பழுது பார்க்க எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற மென்பொருள்கள் உதவுகின்றன. நாம் அறிந்தவரிடம், நாம் கூப்பிட்டபோது மட்டுமே திறந்து கொடுக்க வேண்டும். “வங்கியிலிருந்து பேசுகிறேன், இதை ஏற்றுங்கள்” என்று வரும் அழைப்பு எதுவானாலும் வைத்துவிட வேண்டும். 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி எனிடெஸ்க் பெயரைச் சொல்லி இவ்வகை மோசடி பற்றி வங்கிகளை எச்சரித்தது. வாட்ஸ்அப்பில் இன்வாய்ஸ் என்ற பெயரில் வரும் ஏ.பி.கே. கோப்பையும் தொடக் கூடாது. பில் என்பது படமாகவோ பி.டி.எஃப். ஆகவோ வரும், ஏ.பி.கே. என்பது கைப்பேசியில் குடியேறும் மென்பொருள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக் காலம் கடத்தாமல் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும். பணம் கை மாறும் முன் நிறுத்த வாய்ப்பிருப்பது அந்த முதல் சில மணி நேரத்தில்தான். அடுத்து ஆவடி போலீஸ் கமிஷனரேட்டின் சைபர் கிரைம் பிரிவிலும் புகார் கொடுக்கலாம்.

ஏழாம் பாடம்: சாவி யாரிடம்?

இரும்புப் பெட்டியின் சாவி எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கும். கம்ப்யூட்டரின் கடவுச்சொல் முதலாளிக்கும் பில் போடும் பையனுக்கும் மட்டுமே தெரிந்திருப்பது வழக்கமாகிவிட்டது. முதலாளி திடீரென்று ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால், அல்லது பையன் சொல்லாமல் வேலையை விட்டுப் போய்விட்டால், கடை திறந்திருந்தும் கணக்கு பூட்டிக் கிடக்கும். வயதில் மூத்த நம் போன்றவர்கள் இதை அவசியம் யோசிக்க வேண்டும். நாம் இல்லாத நாளில் வீட்டார் கேட்கப் போகும் முதல் கேள்வி, யார் எவ்வளவு தரவேண்டும் என்பதுதான்.

கம்ப்யூட்டர், பில்லிங் மென்பொருள், மின்னஞ்சல், ஜி.எஸ்.டி. போர்ட்டல் ஆகியவற்றின் கடவுச்சொற்களையும், நகல் எங்கே இருக்கிறது என்பதையும் ஒரு தாளில் எழுதி, உறையில் ஒட்டி, வீட்டு பீரோவில் நகைப் பெட்டியோடு வையுங்கள். மனைவியிடமோ மகனிடமோ மகளிடமோ சொல்லி வையுங்கள். கடவுச்சொல் மாற்றும்போது தாளையும் மாற்ற வேண்டும். வங்கிக் கணக்கின் ரகசிய எண்ணை மட்டும் இதில் எழுத வேண்டாம். அதற்கு நாமினி போட்டு வைப்பதே முறை. பில் போடும் ஊழியருக்கு விண்டோஸில் ஸ்டாண்டர்டு வகைப் பயனராகத் தனிப் பெயர் கொடுத்துவிட்டால், நம் அனுமதியின்றிப் புது மென்பொருளை ஏற்றுவது அவருக்குக் கடினமாகும்.

சுருக்கமாகச் செய்ய வேண்டியவை

தினமும்: கடை மூடும் முன் நகல் எடுத்து, பென் டிரைவைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டு போதல்.

வாரம் ஒரு முறை: ஒரு நகலைப் பூட்டி இணையச் சேமிப்பில் வைத்தல், கடன் பாக்கிப் பட்டியலைத் தாளில் அச்சடித்துக் கோப்பில் போடுதல். கம்ப்யூட்டரே இல்லாத நாளிலும் இந்தப் பட்டியல் நம்மைக் காப்பாற்றும்.

மாதம் ஒரு முறை: நகல் திறக்கிறதா என்று சோதித்தல், யு.பி.எஸ். நிற்கும் நேரம் பார்த்தல், அப்டேட் முடித்தல்.

ஆண்டுக்கு ஒரு முறை: மார்ச் 31 கணக்கு முடிந்ததும் அந்த ஆண்டுக்குத் தனியாக ஒரு நகல் எடுத்து, ஆண்டை எழுதி ஒட்டி, ஆறு ஆண்டுக்கு மேல் வைத்திருத்தல். பென் டிரைவ் பல ஆண்டு கிடந்தால் விவரம் மங்கலாம் என்பதால், பழைய ஆண்டு நகல்களையும் ஆண்டுதோறும் புதியதில் ஒரு முறை படியெடுத்துவிட வேண்டும்.

இவற்றுக்குத் தினம் ஐந்து நிமிடம் போதும். இரண்டு பென் டிரைவின் விலை ஒரு மூட்டை அரிசியின் விலைக்கும் குறைவு. இதைப் படிக்கும் வணிக நண்பர்கள் நாளைக்கு என்று தள்ளாமல், இன்று இரவு கடை மூடும் முன்பே முதல் நகலை எடுத்துவிட வேண்டுகிறோம். பக்கத்துக் கடைக்காரருக்கு இது தெரியாதிருந்தால் அவருக்கும் கற்றுக் கொடுங்கள். போட்டி விற்பனையில் இருக்கட்டும். கணக்கைக் காப்பதில் ஒருவருக்கொருவர் துணையாக இருப்போம்.